சுவரோரம் வைத்த ஃபிலிம் டப்பாக்கள்

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை மின்சார ரசீதில் மட்டும்தான் பார்க்கலாம். மற்றபடி கடையில், வீட்டில், மாமனார் வீட்டில்கூட அவர் பெயர் டப்பா. தேதி முடிந்துபோன ஸ்லைடு ஃபிலிமை மொத்தமாக வாங்கி ஃபிரிட்ஜில் டப்பா டப்பாவாக அடுக்கிவைக்கிற மனுஷனை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்?

ஸ்லைடு ஃபிலிம் என்றால், நெகட்டிவ் எதுவும் இல்லாமல் ஃபிலிமிலேயே நேராக வண்ணப் படம் விழும், வெளிச்சம் படாத இடம் கறுப்பாகவே நிற்கும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கண்ணாடிக்குள் இன்னொரு உலகம் இருப்பதுபோல இருக்கும். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குக் கண்ணாடி தேய்க்கிற டப்பாவுக்கு அந்த நிறத்தின்மேல் ஒரு பைத்தியம். புதுச் சரக்கு அரிதாகிவிட்டது. மிஞ்சியதெல்லாம் மூடிப்போன ஸ்டுடியோக்களில் கிடந்த பழைய சரக்கு. முப்பது மீட்டர் நீளச் சுருள், தட்டையான தகர டப்பாவுக்குள் இருக்கும். இருட்டில் திறந்து, தேவையான நீளத்துக்கு வெட்டிச் சின்னக் கூடுகளில் சுற்றிக்கொள்ள வேண்டும். குளிரில் வைத்தால் தேதி முடிந்தபின்னும் பல வருஷம் தாங்கும். வெயில் பட்டால் கதை முடிந்தது.

இப்படிப்பட்ட சரக்குக்கென்றே ஒரு அம்மா இருந்தார். குளிர்கிடங்கில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்து, எல்லாப் பருவத்திலும் ஸ்வெட்டரோடு அலைகிற கிடங்குக்காரம்மா. அறுபது வயது, ஒல்லி உடம்பு, வாய் மட்டும் பெரிது.

"தேதி முடிஞ்சு பதினோரு வருஷம்," என்று ஆறு டப்பாக்களைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தார். "ஆனா ஒரு நாள்கூட வெயில் பாக்காத சரக்கு. ஆறும் ஒரே பேட்ச், கூடப் பொறந்த பொறப்பு. பிரிச்சுக் குடுக்க மாட்டேன்."

"ஆறு டப்பாவ வச்சு நான் என்னம்மா பண்றது? வீட்டுல இடமே இல்லை."

"வேணாம்னா விட்டுட்டுப் போ. நானா உன்னைக் கையைப் புடிச்சு இழுத்தேன்?"

டப்பா ஆறையும் வாங்கிக்கொண்டு, கூரியரை நம்பாமல் பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தார்.

வீட்டில் மனைவி ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். "இது ஃபிரிட்ஜா, பொணக்கிடங்கா? பாலைத் தேடினா டப்பா, தக்காளியைத் தேடினா டப்பா. மூணு இருக்கட்டும், போனாப்போகுது. நாலாவது உள்ள வந்தா நான் வெளியே."

அவள் சொன்னால் சொன்னதுதான். மிச்சம் மூன்றையும் என்ன செய்வது என்று அவர் முழித்துக்கொண்டிருந்த நேரத்தில் தங்கச்சி வந்தாள். நாலு தெரு தள்ளி ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் முன்னறை கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறவள். அண்ணனுக்கு ஒன்று என்றால் முதலில் கிண்டல் செய்வாள், பிறகு வேலையையும் செய்து கொடுத்துவிடுவாள்.

"எங்க ஆபீஸ் ஃபிரிட்ஜுல சாப்பாட்டு டப்பாதானே இருக்கு. உன் டப்பாவும் டப்பாதான். கிடந்துட்டுப் போகட்டும், குடு."

சென்டரில் அப்போதுதான் மராமத்து வேலை முடிந்திருந்தது. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. முன்னறைக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவே இருந்த கதவை எடுத்துவிட்டு, அந்த இடத்தை அடைத்துப் பூசி, வெளிர்ப் பச்சை அடித்திருந்தார்கள். அந்தச் சுவரோரம் ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு முழ உயரக் குட்டி ஃபிரிட்ஜ். மூன்று டப்பாக்களையும் தங்கச்சி அதன் மேல்தட்டின் பின்பக்கம், சுவரை ஒட்டினாற்போல் வைத்தாள். அதோடு மறந்தும் போனாள்.

ஏழு மாதம் ஓடியது. வீட்டு டப்பாக்களில் ஒன்றைத் திறந்து எடுத்த படமெல்லாம் பளிச்சென்று வந்தது. எதிர் மாடிகளில் காயும் துணிகள்தான் அவருக்குப் பிடித்த பொருள். ஒரு சிவப்புப் போர்வையை மட்டும் பதினெட்டு படம் எடுத்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தச் சுருள் தீர்ந்து வீட்டு ஃபிரிட்ஜில் ஓரிடம் காலியானதும், தங்கச்சியின் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்து மூன்று ரோல் சுற்றினார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் கடலைப் பார்க்கப் போன பயணத்துக்கு அந்த மூன்று ரோலும் போயின.

திரும்பி வந்து குளியலறையில் வெந்நீரை முப்பத்தெட்டு டிகிரிக்குப் பக்குவம் பண்ணி, ஒவ்வொன்றாக டெவலப் செய்து, துணிக்கொடியில் மாட்டினார். மாட்டின கை அப்படியே நின்றது. கறுப்பாக இருக்கவேண்டிய இடமெல்லாம் பாசி படிந்த தண்ணீர் மாதிரி இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு சாணுக்கு மேலே கொஞ்சம் போனால் ஒரு வெளிர்ப் பட்டை, மறுபடி அதே தூரத்தில் இன்னொன்று. ஃபிலிம் முழுக்க இப்படி.

மனைவி எட்டிப் பார்த்தாள். அலையில் கால் நனைத்துக்கொண்டு அவள் சிரிக்கிற படம். "என் மூஞ்சியில என்னங்க, யாரோ சுண்ணாம்பு அடிச்ச மாதிரி?" என்றாள். பிறகு அவளே, "போகட்டும், போயிட்டு வந்தது நிஜம்தானே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு.

கோபம் நேராகக் கிடங்குக்காரம்மா மேல் போனது. பழைய ஃபிலிம் வாங்குகிறவர்கள் நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்து ஒரு ஃபோன் குழு வைத்திருந்தார்கள். அதில் அந்தப் பட்டை விழுந்த படங்களைப் போட்டு எழுதினார்: 'கிடங்குக்காரம்மா வெந்துபோன சரக்கைக் குளிர்ச் சரக்கு என்று விற்கிறார். நான் ஏமாந்தது போதும், நீங்களாவது உஷாராக இருங்கள்.' இரண்டே நாளில் நாலைந்து பேர் சொல்லிவைத்த சரக்கை வேண்டாம் என்று விட்டார்கள்.

மூன்றாம் நாள் கிடங்குக்காரம்மாவே கூப்பிட்டார். குரலில் சண்டை இல்லை. அதுவே டப்பாவுக்கு முதல் அடி.

"தம்பி, அந்த பேட்ச்ல நான் ஒரு முழம் வெட்டி வச்சிருந்தேன். நேத்து படம் எதுவும் எடுக்காம அப்படியே கழுவிப் பாத்தேன். மை மாதிரி கறுப்பு. சரி, இதுக்கு முன்னாடி ஒரு டப்பா முடிச்சியே, அது எப்படி வந்துச்சு?"

வீட்டு டப்பாவும் இதே பேட்ச்தான் என்பது, எழுதும்போது அவர் புத்தியில் ஏறவே இல்லை.

"அது நல்லா வந்துச்சும்மா."

"வந்துச்சா? அப்புறம் எந்த வாயால என்னைத் திருடின்னு எழுதின? அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சரி, ஒரு ஸ்கேல் எடு. பட்டைக்குப் பட்டை எவ்வளவு இருக்கு, அளந்து சொல்லு."

அளந்தார். சுருளின் வெளிப்பக்கத்திலிருந்து எடுத்த முதல் ரோலில் இருபத்தேழு சென்டிமீட்டர். மூன்றாவது ரோலில் இருபத்தாறுக்கும் கீழே.

"உள்ள போகப்போகக் குறையுதா? அப்ப சுத்துக்கு ஒரு தடவை பட்டிருக்கு. வெயில்ல வெந்தா முழுசும் ஒரே மாதிரிதான் மங்கும். டப்பாவுல ஓட்டை இருந்து வெளிச்சம் போனா ஓரத்தைத்தான் தின்னும். இது தகரத்தையே தாண்டி, ஒரே பக்கத்துல இருந்து, ரொம்ப நாளா வந்தது. எனக்குத் தெரிஞ்சு எக்ஸ்ரே ஒண்ணுதான் இப்படிப் பண்ணும். நீ அதை எங்க வச்சிருந்த?"

"வீட்டுலதான்," என்றார் அவர். ஏன் பொய் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. சட்டென்று ஃபோனை வைத்தார்.

குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். இரண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். ஒருவர், 'டப்பா உருண்டது' என்று எழுதினார். அந்த அவமானம் நெஞ்சில் முள்ளாக இருக்கும்போதே மறுநாள் காலை ஸ்கேன் சென்டருக்குப் போனார்.

தங்கச்சி கவுண்டரில் நின்றுகொண்டு ஒரு பெரியவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். சுவரோர நாற்காலியில் குருவி உட்கார்ந்திருந்தாள். பதிவு செய்கிற பெண், இருபத்தேழு வயதிருக்கும். பேசினால் நிறுத்தாமல் பேசுவாள், அதனால் தங்கச்சி வைத்த பெயர் அது. ஆறு மாதக் கர்ப்பம். கீபோர்டில் கை போய்க்கொண்டிருக்க, தலையைப் பின்னால் சாய்த்து அந்தப் பச்சைச் சுவரில் வைத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், "மூச்சை இழுங்க, பிடிங்க," என்று ஒரு குரல் கேட்டது. பிறகு ஒரு சின்ன உறுமல், ஒரு 'டக்'. கொஞ்ச நேரத்தில் மறுபடி "மூச்சை இழுங்க".

"வாங்கண்ணா!" என்றாள் குருவி. "உங்க டப்பாவுக்கு நான்தான் காவல். வாடகை எங்க?"

அவர் ஃபிரிட்ஜைத் திறந்து மிச்சம் இரண்டு டப்பாக்களையும் எடுத்தார். நாக்கு நுனி வரை வந்தது: அம்மா, கொஞ்சம் எழுந்து அந்தப் பக்கம் உட்காரு. வரவில்லை. கிடங்குக்காரம்மா ஃபோனில் ஊகித்துச் சொன்னதுதானே? அவர் என்ன டாக்டரா? நேற்றுத்தான் ஒருத்தியைத் தப்பாகப் பழி சொல்லி நூறு பேர் நடுவே அசடாகி நின்றோம். இன்று ஒரு சென்டரையே பழி சொல்லி, அதுவும் பொய்யாகிப் போனால்? தங்கச்சியின் வேலை என்னாகும்? சூடு கண்ட பூனை அவர். நிச்சயமாகத் தெரிந்துகொண்டு பேசுவோம் என்று முடிவு செய்தார்.

கடையில் அன்று மதியம் விடுப்பு சொல்லிவிட்டு, வீட்டுக் குளியலறைக் கதவிடுக்கில் போர்வையைச் செருகி இருட்டாக்கி, வீட்டிலேயே இருந்த நல்ல டப்பாவிலிருந்து இரண்டு துண்டு வெட்டினார். ஒவ்வொன்றையும் கறுப்புக் காகிதத்தில் வெளிச்சம் புகாமல் சுற்றினார். மேலே ஒரு நாணயத்தை ஒட்டி, பழுப்பு உறைக்குள் போட்டு மூடினார். எக்ஸ்ரே வந்தால் நாணயம் மறைக்கும் இடம் கறுப்பாகவே நிற்கும், சுற்றிலும் வெளுக்கும். உறைகளின்மேல் தேதியை எழுதினார். ஒன்று வீட்டு அலமாரிக்கு. மற்றொன்றைச் சாயங்காலமே கொண்டுபோய்ச் சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே, குருவியின் தலைக்கு ஒரு கை தூரத்தில், டேப் போட்டு ஒட்டினார்.

"என்னண்ணா இது?" என்றாள் தங்கச்சி.

"ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி எவ்வளவு சூடுன்னு பாக்கறேன்."

"உனக்கு வேற வேலையே இல்லை."

பன்னிரண்டு நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டார். அதற்கும் குறைந்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம் என்று பயம்.

அந்தப் பன்னிரண்டு நாளும் கடையில் லென்ஸ் அளவு தப்பியது. இடது கண் கண்ணாடியை வலதில் மாட்டிக் கொடுத்து ஒரு வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கினார். ஐந்தாம் நாள் பொறுக்கமுடியாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சென்டருக்குப் போனார். குருவி ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு ரசீது அடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, பொறந்ததும் முதல் படம் நீங்கதான் எடுக்கணும். ஆனா ஒண்ணு, தேதி முடிஞ்ச ஃபிலிம்ல எடுத்துடாதீங்க. பொறக்கும்போதே கிழமா தெரியும்!" என்று தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். அவரும் சிரித்தார்.

வெளியே வந்து தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணை உன் பக்கம் உக்கார வைக்கக் கூடாதா? அந்த மூலையில காத்தே வரலையே."

"நீ என்ன, அவளுக்கு மாமியாரா?" தங்கச்சி சிரித்தாள். "அது என் இடம்தான். ரெண்டாவது மாசம் அவ தலைசுத்துதுன்னு சொன்னப்ப நான்தான் அவளை அங்க மாத்தினேன். ஏசி நேரா அடிக்காது, பாத்ரூம் பக்கம், சாஞ்சுக்கச் சுவர் இருக்கு. சென்டர்லயே நல்ல இடம் அதுதான்."

சொல்லவேண்டியதைச் சொல்ல முயன்றோம், நடக்கவில்லை என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு கடைக்குத் திரும்பினார். அது முயற்சியே இல்லை என்பது அவர் காலுக்குத் தெரிந்திருந்தது. வழியெல்லாம் தடுக்கிக்கொண்டே போனது.

எட்டாம் நாள் மனைவி கேட்டாள். சாப்பிடாமல் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "என்ன, கடையில திட்டினாங்களா?" என்றாள். எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கையைக்கூடத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நாலு நாள்தான்," என்று முடித்தார்.

"எதுக்கு நாலு நாள்? இப்பவே போய்ச் சொல்லுங்க."

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா என்ன? ஒரு நாற்காலி இடம் மாறும். அவ்வளவுதானே?"

டாக்டர், தங்கச்சி வேலை, மானம், மரியாதை என்று என்னென்னவோ சொன்னார். "எட்டு நாள் ஆச்சு. இப்பப் போய்ச் சொன்னா, இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேக்க மாட்டாங்களா?" என்று கடைசியில் வாயிலிருந்து வந்ததுதான் நிஜம். மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவளும் அந்த நாலு நாளில் தங்கச்சிக்கு ஃபோன் செய்யவில்லை. அதைப் பிற்பாடு அவளே சொல்லி அழுதாள்.

பன்னிரண்டாம் நாள் காலை உறையை எடுத்துவந்து, வீட்டுத் துண்டோடு சேர்த்து ஒரே மருந்துத் தண்ணீரில் கழுவினார். வீட்டுத் துண்டு முழுக்கக் கறுப்பு. சுவர்த் துண்டு பச்சை கலந்த பழுப்பாக வெளுத்திருந்தது. அதன் நடுவே வட்டமாக, விளிம்பு கத்தரித்தாற்போல, கறுப்பாக நாணயம்.

அவர் ஓடினார். ஃபிலிம் காயக்கூட இல்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு நாலு தெருவும் ஓடினார். தங்கச்சியைக் கவுண்டருக்குப் பின்னால் இழுத்து நாலே வார்த்தையில் சொன்னார். அவள் அந்தத் துண்டை வெளிச்சத்தில் பார்த்தாள். பச்சைச் சுவரைப் பார்த்தாள்.

"நான்தான் அவளை அங்க உக்கார வச்சேன்," என்றாள். அவ்வளவுதான். அண்ணனிடம் வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. நேராகப் போய்க் குருவியின் தோளைப் பிடித்தாள். "எழுந்திரு. பையை எடுத்துக்க. இந்த ரூம்லயே இருக்காதே, வெளிய வா."

"ஏன்க்கா? ரசீது பாதியில நிக்குது..."

"எழுந்திருன்னு சொல்றேன்ல!"

சத்தம் கேட்டுச் சென்டர் டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது. "தேதி முடிஞ்ச ஃபிலிமைக் கொண்டுவந்து காட்டி என் சென்டரை மூடப் பாக்கறீங்களா? கான்ட்ராக்டர் எல்லாம் முறையாச் செஞ்சிருக்கார்," என்றார். தங்கச்சி அவரோடு வாதாடவில்லை. அவர் கண்ணெதிரிலேயே, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகத்தின் எண்ணை எக்ஸ்ரே அறைக் கதவில் ஒட்டியிருந்த சான்றிதழிலிருந்து பார்த்து அழுத்தினாள். அந்த நிமிஷத்திலேயே வேலை போனது என்று அவளுக்குத் தெரியும். டப்பா பன்னிரண்டு நாளாகப் பயந்த காரியத்தை அவள் முழுசாக ஒரு மூச்சு விடுவதற்குள் செய்து முடித்தாள்.

மூன்றாம் நாள் இரண்டு அதிகாரிகள் கருவியோடு வந்தார்கள். எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். குருவி புருஷனோடு வந்து வாசல்பக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்து, ஒரு மூலையைப் பெயர்த்தார்கள். பழைய கதவு இருந்த இடத்தில் வெறும் பலகையும் பூச்சும்தான். எக்ஸ்ரேயைத் தடுக்கிற ஈயத் தகடு அந்தக் கதவோடு ஒட்டி இருந்தது. கதவு பழைய இரும்புக்காரரிடம் போனபோது அதுவும் போயிருக்கிறது. போதாததற்கு, நெஞ்சுப் படம் எடுக்கிற ஸ்டாண்டை அந்த இடத்துக்கு நேராகவே கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

மூத்த அதிகாரி குருவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நிக்கிறவங்க நெஞ்சு உயரத்துக்குத்தான் கதிர் வருது. நீங்க உக்காந்தா அது உங்க தலை, தோள் உயரம். வயிறு கீழே. அதனால குழந்தைக்குப் பட்டது ரொம்பக் கம்மிதான்மா."

"ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றீங்களா?"

"ஒண்ணுமே ஆகாதுன்னு நான் சொல்லக் கூடாது. பயப்படற அளவு இல்லைன்னு சொல்றேன். உங்க டாக்டருக்கும் எழுதித் தர்றேன்."

குருவி தலையாட்டினாள். அதிகாரி டப்பாவிடம் திரும்பி, அந்தச் சோதனைத் துண்டையும் உறையையும் கேட்டார். "எத்தனை நாள் வச்சிருந்தீங்க?" உறையின்மேல் தேதி அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதிகாரி அதை உரக்கப் படித்துக் குறித்துக்கொண்டார்.

குருவி நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, உங்களுக்கு எப்ப சந்தேகம் வந்துச்சு?"

தங்கச்சி சட்டென்று அண்ணனைப் பார்த்தாள். ஏதாவது சொல்லு, நேற்று என்று சொல்லு, அன்றைக்குத்தான் என்று சொல்லு என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ஆனால் தேதி எல்லோருக்கும் கேட்டுவிட்டது. முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது?

"அதை ஒட்டின அன்னைக்கு," என்றார். "டப்பாவ எடுக்க வந்தேனே, அன்னைக்குக் காலையில."

"அப்ப நான் அங்கதானே உக்காந்திருந்தேன்?"

"ஆமாம்மா."

"நடுவுல ஒரு நாள் வந்தீங்க. முதல் படம் எடுக்கறதைப் பத்திப் பேசினோம்."

"உறுதியாத் தெரியாம சொல்லக் கூடாதுன்னு..."

"உங்களுக்கு உறுதியாத் தெரியறதுக்கு நான் அங்க உக்காந்திருந்தேனா?"

குரல் உயரவில்லை. புருஷன் எழுந்து நின்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். தங்கச்சியிடம் மட்டும், "வரேன்க்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தங்கச்சி ஒரு மாதம் அண்ணனோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் கடை வாசலில் வந்து நின்றாள். "நீ லேட்டா சொன்னதைக்கூட விட்டுடலாம்," என்றாள். "ஆனா காத்து வரலைன்னு சொன்னியே, அதைத்தான் என்னால மறக்க முடியலை. காரணத்தைச் சொல்லியிருந்தா அந்த நிமிஷமே அவளைத் தூக்கிட்டு வந்திருப்பேன். என்கிட்டயே பொய் சொன்னியே." அவர் லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலை குனிந்து நின்றார். அவள், "அண்ணிகிட்ட ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு அதற்குள் ஒரு பல் மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. சென்டர் இரண்டு மாதம் மூடிக் கிடந்து, ஈயத் தகடு வைத்த புதுச் சுவரோடு மறுபடி திறந்தது. குருவி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கிடங்குக்காரம்மாவிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார், வீட்டில் வைத்திருந்தேன் என்று சொன்ன பொய்யையும் சேர்த்து. "நீங்க அவசரப்படாதேன்னு சொன்னீங்களே, அதுதான்மா..." என்று இழுத்தார்.

"நான் சொன்னது சரக்கைப் பத்தி," என்றார் அந்த அம்மா. "ஆளைப் பத்தியா சொன்னேன்?" பிறகு, "அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லவேண்டியிருந்தது.

குழந்தை சரியான மாதத்தில் பிறந்தது. பெண். எடை, அழுகை, கை கால் எல்லாம் சரி என்று தங்கச்சி வந்து சொன்னாள். வாரம் ஒருமுறை அவள் குருவி வீட்டுக்குப் போய் வருகிறாள், குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள், துணி மடித்துக் கொடுக்கிறாள். குருவி அவளோடு பழையபடி பேசுகிறாள். கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி.

குழந்தைக்கு நாலாவது மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல், எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான். குருவி தங்கச்சிக்கு ஃபோன் செய்து, "அக்கா, இது அதனாலயா?" என்று கேட்டாள். "சீ, அசடே, அதெல்லாம் இல்லை," என்று தங்கச்சி அதட்டி வைத்தாள். வைத்த கையோடு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அதனாலயா?"

"இல்லை," என்றார் டப்பா. "அதிகாரி சொன்னாரே, ரொம்பக் கம்மின்னு. காய்ச்சலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை."

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. அதற்கடுத்த மாதம் பிள்ளை ஒழுங்காகப் பால் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு மற்ற குழந்தைகளைவிட ஒரு வாரம் தாமதமாகக் குப்புற விழுந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு ஃபோன் குருவியிடமிருந்து தங்கச்சிக்கு, ஒரு ஃபோன் தங்கச்சியிடமிருந்து அவருக்கு. ஒவ்வொரு முறையும் அவர் இல்லை என்றுதான் சொல்கிறார். சொல்லிவிட்டு, வெட்டிக்கொண்டிருந்த லென்ஸைக் கையில் எடுத்து, எந்தக் கண்ணுக்கு என்று சீட்டைப் பார்க்கிறார். பிறகு இன்னொருமுறை பார்க்கிறார்.